அண்ணாச்சி விளையில ஏழாவது அடி



மக்காச்சோளத்துல படைப்புழு வந்ததைப் பத்தி எழுதுனப்ப, நடுவுல ஒரு வரி, "தேரிக்காட்டுல குட்டை வெட்டப் போன கதையை அப்புறமா சொல்றேன்"னு எழுதியிருந்தேன். நாலஞ்சு பேரு ஞாபகம் வச்சுக் கேட்டுட்டீங்க. ஒரு மழைக்காலம் தாண்டாம ஒரு குட்டையைப் பத்திப் பேசக்கூடாதுன்னுதான் பொறுத்திருந்தேன். இப்பத் தாண்டியாச்சு.

எங்க ஊருல முப்பது வருசமா மளிகைக்கடை வச்சிருந்தவரு அண்ணாச்சி. என் கல்யாணத்துக்கும் அவரு கடைச் சாமான்தான், என் பொண்ணு கல்யாணத்துக்கும் அவரு கடைச் சாமான்தான். 2002, 2003 வறட்சியில சுல்தான்பேட்டைப் பக்கம் தென்னை எல்லாம் மண்டை காஞ்சு நின்னப்போ, எங்க வீட்டுக்கு பதினாலு மாசம் கடனுக்கு அரிசி குடுத்தாரு. ஒரு நாள் கூட வாசல்ல வந்து நின்னு கேக்கலை. சிட்டை நோட்டைக் காட்டி, "மழை பெய்யட்டும்ணே"ன்னு மட்டும் சொல்லுவாரு.

அவரு கடையை எடுத்துட்டு சொந்த ஊருக்கே போயிட்டாரு. திருச்செந்தூரை ஒட்டி காயாமொழிப் பக்கம், தேரிக்காட்டு ஓரத்துல நாலு ஏக்கர். நாம காடுங்கறதை அவங்க விளைங்கறாங்க. கொஞ்சம் பனை, கொஞ்சம் கொல்லாமரம், மத்தது வெறும் சிவப்பு மணலு. கடையை முடிச்ச காசுல ஒரு பண்ணைக்குட்டை வெட்டி, முருங்கை வச்சு, கடைசிக் காலத்தை அங்கியே ஓட்டிரலாம்னு அவருக்கும் மதினிக்கும் ஆசை.

2023 ஆவணியில ஒரு நாள் மத்தியானம் போன் வந்துச்சு. பின்னால ஜேசிபி சத்தம்.

"அண்ணே, ஏழு அடியில மண்ணு கறுப்பா வருது. அதுக்கு மேல அம்புட்டும் செவப்புதான். ஜேசிபி தம்பி நிப்பாட்டவான்னு கேக்கான். மச்சினன் பன்னெண்டு அடி போயே தீரணும்னு சொல்லுதான். என்ன செய்ய?"

"நிப்பாட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் வந்து பாக்கற வரைக்கும் ஒரு பக்கெட்டு மண்ணு எடுக்கக்கூடாதுங்க"ன்னுட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு பதட்டம்னா, நானே ஒரு தடவை கெடுத்துக்கிட்டவன். எங்க ஓடைக்காட்டுக் கீழ்க்கோடியில 2006ல குட்டை வெட்டுனேன். மேல மூணடி செம்மண்ணு, அதுக்குக் கீழ சாம்பல் கறுப்புல களி. அப்பா அப்ப இருந்தாங்க. வேப்பமரத்தடியில கட்டில் போட்டு உக்காந்துட்டு, "களி வந்துருச்சுல்ல, போதும் உடு"ன்னாங்க. இன்னும் ரெண்டடி போனா அவ்வளவு தண்ணி கூட நிக்குமேன்னு எனக்குப் பேராசை. களிக்குக் கீழ சரளை. அந்த ஐப்பசியில ராத்திரி மழைக்கு ரொம்பி நின்ன தண்ணி மூணாம் நாள் காலையில இல்லை. அடியில ஈரம் மட்டும் இருந்துச்சு. அப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. பேசியிருந்தா தேவலை.

உடுமலையில காலையில திருச்செந்தூர் ரயில்ல ஏறுனேன். பழனி, திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலின்னு சுத்திக்கிட்டு சாயங்காலம் போய்ச் சேந்துச்சு. அண்ணாச்சி டிவிஎஸ் வண்டியோட நின்னுட்டிருந்தாரு.

தேரியைப் பாக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. கடல் பக்கத்துல மணல்மேடுன்னா வெள்ளையாத்தான் நெனைப்போம். இது செங்கல்லைப் பொடிச்சுக் கொட்டுன மாதிரி சிவப்பு, மேடு மேடா மைல்கணக்குல போகுது. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் எப்படியோ, அப்படி அவங்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய். மலை விட்ட சந்துல ஆனி, ஆடியில மேகாத்து புகுந்து வருது. நம்ம பக்கமும் அங்கயும் காத்தாலை நிக்கறதுக்குக் காரணம் ஒண்ணுதான். அந்தக் காத்து பல ஆயிரம் வருசமாக் கொண்டாந்து குமிச்ச மணல்தான் தேரி. கடல் மட்டம் கீழ இருந்த காலத்துல வெளிய தெரிஞ்ச கடல்தரை மணல்னு சிலர் சொல்றாங்க, உள்நாட்டுச் செம்மண்ணை அரிச்சு வந்ததுன்னும் சொல்றாங்க. இருபதாயிரம் வருசம் முன்னால கடல் இப்ப இருக்கறதை விட 120 மீட்டர் கீழ இருந்துச்சுங்கறது மட்டும் நெசம். ஒவ்வொரு மணலு மேலயும் இரும்புத்துரு ஒரு பூச்சு மாதிரி ஒட்டியிருக்கு, அதுதான் சிவப்பு.

குழியைப் பாத்தேன். மணல் குழிங்கறது வெளையாட்டு இல்லைங்க, நின்னுக்கிட்டிருக்கறப்பவே பக்கம் சரிஞ்சு ஆளை மூடிரும். மொதல்ல நாலு பக்கமும் சரிவா வழிக்கச் சொல்லிட்டுத்தான் எறங்குனேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, அப்புறம் திடீர்னு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கொறைவா காப்பித்தூள் நெறத்துல ஒரு பட்டை. அதுக்குக் கீழ மறுபடி மணல். மேற்கு ஓரத்துல பட்டை மெலிஞ்சுட்டே போச்சு.

ஊரே கூடி நின்னு ஆளுக்கொண்ணு சொல்லுது. மச்சினன், "இது கருமணலு, கடல்கரையில இருக்கறதுதான். வெலை போகும்"ங்கறாரு. அவருக்குக் குட்டையை விட வெட்டுன மணலு மேலதான் கண்ணு. இன்னொருத்தரு, "காடு எரிஞ்ச சாம்பலு"ன்னாரு. பனையேறுற பெரியவர் ஒருத்தர் மட்டும் ஒண்ணும் சொல்லாம ஒரு பிடி எடுத்து மோந்து பாத்துட்டு, "இது குளம்லா"ன்னுட்டுப் போயிட்டாரு.

மூணுல எது சரிங்கறது சும்மா வாய்ச்சண்டை இல்லை. கருமணலா இருந்தா அதுவும் மணல்தான், தண்ணி நிக்காது, எவ்வளவு ஆழம் போனாலும் ஒண்ணுதான். சாம்பல்னாலும் அப்படித்தான். குளத்து வண்டலா இருந்தா அண்ணாச்சியோட குட்டையே அந்த ஒரு முழம்தான். அதைத் தாண்டி ஜேசிபி பல்லு எறங்குச்சுன்னா என் குட்டை கதிதான்.

நான் பத்தாவது படிச்சவன். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் எல்லாம் சமையக்கட்டு வைத்தியம்தான். ஆனா ஒண்ணு கத்து வச்சிருக்கேன். சந்தேகப்படுற மண்ணை மட்டும் சோதிச்சாப் பத்தாது. பக்கத்துல இருக்கற சாதா மண்ணையும் அதே மாதிரி சோதிக்கணும். அதனால மேல் சிவப்பு மணல் ஒரு டப்பா, கறுப்பு ஒரு டப்பா, அதுக்குக் கீழ உள்ளது ஒரு டப்பான்னு மூணா எடுத்துக்கிட்டேன்.

மொதல்ல காந்தம். பழைய ரேடியோ ஸ்பீக்கர்ல கழட்டுனது, மதினி வீட்டுல கெடந்துச்சு. பாலித்தீன் பையில சுத்தி மூணுலயும் விட்டு எடுத்தேன். மூணுலயும் கறுப்புப் பொடி கொஞ்சம் ஒட்டுச்சு. "பாத்தீங்களா, கருமணலு!"ன்னு மச்சினன் குதிச்சாரு. "சிவப்பு மணல்லயும் அதே அளவுதானுங்க ஒட்டுது"ன்னேன். அந்தக் கடல்கரை முழுக்க இல்மனைட்டும் கார்னெட்டும் கலந்துதான் இருக்கும், மணவாளக்குறிச்சியில அதை எடுக்கறதுக்கே அரசாங்க ஆலை இருக்கு. ரெண்டுலயும் ஒரே அளவு இருந்தா, ஒண்ணு மட்டும் கறுப்பா இருக்கறதுக்கு அது காரணம் ஆகாதே.

அப்புறம் எவர்சில்வர் தட்டு. மண்ணைப் போட்டுத் தண்ணி ஊத்தி, அரிசியில கல்லு அரிக்கற மாதிரி ஆட்டுனேன். கருமணல் கனம், கடைசி வரைக்கும் தட்டோட அடியில பிறை மாதிரி தங்கும். இதுல அந்தப் பிறை நூல் அளவுக்குத்தான் வந்துச்சு. கறுப்பு முச்சூடும் கலங்கல் தண்ணியோட போயிருச்சு. அங்கியே எனக்குப் பாதி தெரிஞ்சு போச்சு.

மூணாவது இரும்புக்கரண்டி. கறுப்பு மண்ணைக் கரண்டியில போட்டு அடுப்புல நல்லா செவக்கக் காச்சுனேன். முடி கருகுன மாதிரி லேசா வாசம் வந்துச்சு, அரை மணி நேரத்துல கறுப்பு போயி ஓட்டு நெறத்துக்கு வந்துருச்சு. மக்குன தழை, வேரு, கரித்துண்டுன்னு எரியற வஸ்து எதுவா இருந்தாலும் இப்படிப் போயிரும். மாங்கனீசு மாதிரிக் கல்லுச்சத்தா இருந்தா கறுப்பு போகாது. மருந்துக்கடையில புண்ணுக்கு ஊத்துற ஹைட்ரஜன் பெராக்சைடை ஊத்துனா நுரைக்கும், நுரைச்சா மக்குன்னு சிலர் சொல்லுவாங்க. மாங்கனீசுக்கும் அது நுரைக்கும், அதை மட்டும் நம்பாதீங்க.

ஈர மண்ணை உருட்டிப் பாத்தேன். சிவப்பு மணலு உருண்டையே நிக்கலை. கறுப்பு உருண்டை நின்னுச்சு, கட்டைவெரல்ல நசுக்கித் தள்ளுனா ஒரு அங்குலம் பட்டையா நீண்டு ஒடைஞ்சுது. நம்ம வண்டல் காட்டு மண்ணு அளவுக்கு இல்லை, ஆனா களி இருக்கு.

எனக்கு ரொம்ப நம்பிக்கை குடுத்தது கீழ் டப்பாதான். பட்டைக்குக் கீழ இருந்த மணல் மேல் மணல் மாதிரி சிவப்பு இல்லை. வெளிறிப்போயி மஞ்சளா, ஊடால ஊடால துரு ரேகை. நெல்லு வயல்ல ஒரு முழம் தோண்டிப் பாத்தவங்களுக்கு இது தெரியும். ரொம்ப நாள் தண்ணி கட்டி நின்ன மண்ணுல இரும்புப் பூச்சு கரைஞ்சு எறங்கி, வேரு போன தடத்துல துருவா நிக்கும். அங்க ஒரு காலத்துல தண்ணி நின்னிருக்கு. காத்தடிச்ச மேடுகளுக்கு நடுவுல பள்ளம், பள்ளத்துல குளம், கோரையும் புல்லும் மொளைச்சு மக்கி மண்ணாகி, அப்புறம் காத்து திரும்பி வந்து மணலைப் போட்டு மூடிருச்சு. அதே தேரிக்குள்ள அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் இருக்கு. அம்புட்டு மணலுக்கு நடுவுல அங்க சுனை. பெரியவருக்கு இதெல்லாம் மூக்குலயே தெரிஞ்சிருக்கு.

சரின்னு சொல்லிட்டேனே தவிர, உறுத்தலும் இருந்துச்சு. குளம்னா நத்தை ஓடு கெடைக்கணுமே? தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணு கூட இல்லை. பட்டையோட மேல் ரெண்டு அங்குலத்துல வெரல்ல தேச்சா மையாப் பிடிக்கற கரித்துண்டு நெறைய இருந்துச்சு. அப்ப எரிஞ்சதுன்னு சொன்னவரும் முழுப்பொய் சொல்லலை. ஒரு பனை வேரோ கொல்லாமர வேரோ எரிஞ்ச தடமா இருக்குமோன்னு கரி போற தெசையைப் பாத்தேன். வேரு தடம்னா செங்குத்தா எறங்கியிருக்கும். இது படுக்கையாவே இருந்துச்சு. இடி விழுந்து எரிஞ்சுதோ, ஆளுங்க எரிச்சாங்களோ, அது என் கரண்டிக்குத் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி திண்ணையில படுத்துக்கிட்டு போன்ல தேடிப் படிச்சேன். நெதர்லாந்துல உசேலோன்னு ஒரு ஊரு. அங்கயும் பனிக்காலத்துல காத்து குமிச்ச மணல், அதுக்கு நடுவுலயும் இப்படி ஒரு பழைய மண்பட்டை, சாம்பல் நெறத்துல, உள்ள பைன் மரக்கரி. ஏறத்தாழ பதிமூணாயிரம் வருசத்துக்கு முந்துனதாம். வால் நட்சத்திரம் விழுந்து எரிஞ்ச கரின்னு ஒரு கூட்டமும், இல்லை, சாதாக் காட்டுத்தீதான்னு ஒரு கூட்டமும் சண்டை போட்டிருக்காங்க. நம்ம காயாமொழிக் குழியைச் சுத்தி நடந்த அதே பஞ்சாயத்துதான்! மறுநாள் ஒரு பையன் இது எரிமலைச் சாம்பலா இருக்கலாம்னான். சுமத்ராவுல டோபா எரிமலை 74,000 வருசம் முன்னால வெடிச்ச சாம்பல் ஆந்திராவுல ஜ்வாலாபுரத்துல கெடைக்குதுதான். ஆனா அது வெளுப்பு, இப்படிக் கறுப்பா இருக்காது.

அண்ணாச்சி கேட்டதெல்லாம் ஒண்ணுதான். "எத்தன வருசம்ணே இருக்கும் இது?"

"தெரியாதுங்க அண்ணாச்சி"ன்னேன். ஏழு அடி ஆழம்னா இத்தன வருசம்னு கணக்குப் போட முடியாது. தேரியில காத்து ஒரு மேட்டைப் பத்து வருசத்துலயும் நகட்டும், ஆயிரம் வருசம் சும்மாவும் விட்டுரும். அதைக் கண்டுபிடிக்கற முறை வேற. மணலு கடைசியா எப்ப வெயில் பாத்துச்சுன்னு அளக்கறாங்க. வெளிச்சம் படாம இரும்புக் குழாயை அடிச்சு மண்ணை எடுத்து, இருட்டு அறையில வச்சுச் சோதிக்கணும். நாம குழியைத் தொறந்து போட்டு ரெண்டு நாளாச்சு.

வெட்டிப் போட்ட மண்ணுல வெள்ளையா நகத்தளவு ஒரு கல்லுச்சில்லு கெடந்துச்சு. நம்ம வெங்கச்சாங்கல்லுதான், ஒரு ஓரம் கூர்மை. தேரியில இப்படிச் சின்னச் சின்னக் கல்லுக்கருவிகள் கெடைக்கறதை வெள்ளைக்காரன் காலத்துலயே புரூஸ் பூட் பாத்திருக்காரு. 1956ல ஜாய்னரும் ஆல்சினும் அதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதியிருக்காங்க. ஆனா உடைஞ்ச கல்லு எல்லாம் கருவி ஆகாது, இது ஜேசிபி பல்லுல தெறிச்சதாவும் இருக்கலாம். மதினி அதை சாமி மாடத்துல வச்சிருக்காங்க. தொல்லியல்காரங்க கிட்ட ஒரு தடவை காட்டுங்கன்னு சொல்லியிருக்கேன்.

கடைசிச் சோதனைதான் மச்சினனை அடக்குச்சு. பட்டை மேல ஒரு சின்னக் குழி, பட்டையைக் குத்தி ஒரு முழம் கீழ எறக்கி இன்னொரு குழி. ரெண்டுலயும் மும்மூணு குடம் தண்ணி. குத்துன குழியில மதினி காப்பி கொண்டு வர்றதுக்குள்ள தண்ணி இல்லை. மேல் குழியில சாயங்காலமும் இருந்துச்சு, விடிஞ்சு பாத்தாலும் ஒரு சாண் இருந்துச்சு. குத்துன ஓட்டையை அதே கறுப்பு மண்ணைப் பெசைஞ்சு, மிதிச்சு மிதிச்சு அடைச்சோம்.

பட்டை கிண்ணம் மாதிரி இருக்குதா, சாஞ்சு ஓடுதான்னு பாக்காம விடக்கூடாதே. இன்னும் நாலு எடத்துல ஜேசிபியை வச்சு, கறுப்பு தெரிஞ்ச ஒடனே நிப்பாட்டி, கொத்தனாரோட லெவல் டியூப்பைப் பிடிச்சு மட்டம் பாத்தோம். கெழக்க இருபது அடி தள்ளித்தான் நடுப்பள்ளம். அங்க பட்டையும் கனம், ஒண்ணரை அடி. மொதல்ல வெட்டுன எடம் கிண்ணத்தோட வெளிம்பு.

"குட்டையை அங்க மாத்துங்க. கறுப்பு மேல கால் வச்சு நிக்கற ஆழம் போதும். பக்கத்து மணலுக்குள்ள தண்ணி ஊறும், ஊறட்டும், கிண்ணத்தை விட்டுப் போகாது"ன்னேன். மச்சினன் மொகம் கொடுத்தே பேசலை. ஆழம் கொறைஞ்சா மணலும் கொறையும்ல. அண்ணாச்சி ரொம்ப நேரம் குழியையே பாத்துட்டு நின்னாரு. மொத்தக் காசும் அதுலதான். "ஒங்க அப்பா சொன்ன பேச்சை நான் கேக்கேன்ணே"ன்னாரு. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

அந்த மார்கழி மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நடு வழியில நின்னு சனங்க தவிச்சாங்க. அண்ணாச்சி போன் நாலு நாளா எடுக்கலை. அந்த நாலு நாளும் நான் குட்டையை நெனைக்கலைங்க, அவங்க ரெண்டு பேரையும்தான் நெனைச்சேன். அஞ்சாம் நாள் மதினிதான் எடுத்தாங்க. வீட்டுக்கு ஒண்ணும் ஆகலை. குட்டையோட ரெண்டு பக்கமும் சரிஞ்சு பாதி மணல் உள்ள வந்துருச்சு. அது என் தப்பு. இன்னும் சரிவா வெட்டி, கரையில வெட்டிவேரோ புல்லோ வச்சிருக்கணும்.

ஆனா தண்ணி நின்னுச்சு. பங்குனி முடியற வரைக்கும் முழங்கால் அளவுக்கு மேல, சித்திரையில சேறு. நாப்பது முருங்கை வச்சதுல முப்பத்தொண்ணு தழைஞ்சிருக்கு. கோடையில குடத்துல மொண்டு ஊத்துனதாம், ரெண்டு பேரும்.

சரிஞ்ச மணலை இந்த ஆவணியில எடுக்கணும். ஜேசிபி வேண்டாம், கடைசி ரெண்டடி மம்பட்டிதான், கறுப்பு மேல ஒரு கீறல் விழக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நானும் போறேன். அதே மாதிரி நம்ம ஓடைக்காட்டுக் குழிக்கும் குளத்து வண்டல் ஒரு பத்து லோடு அடிச்சு மிதிச்சுப் பாக்கலாம்னு யோசனை. அதுக்குள்ள ரெண்டு வேப்பமரம் மொளைச்சு இப்ப நல்லா நெழல் கட்டி நிக்குது. அதை வெட்டத்தான் மனசு வர மாட்டேங்குது.